இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

தேர்வு இயந்திரத்தின் முன்னால் பிரியாணித் தட்டை வைத்தார்கள். கூடவே ஒரு கிண்ணம் தயிர்ப் பச்சடி, அவித்த முட்டை, ஓரமாக ஒரு வாழைப்பழம். இயந்திரத்துக்கு வாய் கிடையாது. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடிக் குமிழும், அதற்குள் இரண்டு பச்சை விளக்குகளும்தான். அது இருபது நிமிடம் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிறகு, "மிக்க நன்றி. வயிறு நிறைந்தது" என்றது. பணியாளர் வந்து தட்டை எடுத்துப்போய் உரத்தொட்டியில் கொட்டினார். இறுதியாண்டு மாணவர்களுக்கான வாய்மொழித் தேர்வு தொடங்கியது.

புதுப்பாளையில் இதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. செவ்வாய்க் கோளில் நம்மவர்கள் குடியேறிய நான்காவது குமிழ்நகரம் அது. அங்கே பொறியியல் கல்லூரி தொடங்கி அறுபது வருடம் ஆகிறது. அறுபது வருடமும் இயந்திரத்துக்குப் பிரியாணி வைத்துத்தான் தேர்வு நடந்திருக்கிறது. தொட்டியில் வளர்த்த ஆட்டுக்கறி, கண்ணாடிக்கூண்டில் விளைந்த சீரகச் சம்பா. ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் இரண்டு முறை கிடைத்தால் பெரிது. அந்த வாசனையில் மாணவர்களில் பாதிப் பேருக்கு மயக்கமே வரும். ஆனாலும் ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. காற்றில்லாத இடத்தில் காற்று செய்யத் தெரிந்த கெட்டிக்காரர்களுக்கு, எதற்கு இந்தப் பிரியாணி என்று கேட்க மட்டும் தோன்றவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. கல்லூரி வாசலுக்கு எதிரே திட்டக் கடை இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் வரிசையில் நின்று, பட்டனை அமுக்கினால் ஒரு சில்லு விழும். அதில் நிரல், அறிக்கை, வரைபடம், நன்றியுரை எல்லாம் தயாராக இருக்கும். முதல் பக்கத்தில் பெயரைப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான். "ப்ராஜெக்ட் எடுத்தாச்சா?" என்றுதான் ஒருவரையொருவர் விசாரிப்பார்கள். தேர்வில் இயந்திரம் ஒரு கேள்வி கேட்கும். "தெரியாது ஐயா" என்று மாணவர் சொல்லுவார். இயந்திரம் தலையாட்டிவிட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு போடும். இதைத் தடுக்க யாரும் இல்லையா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தடுப்பதாவது! அங்கே அதுதான் சட்டம்.

அன்று இருபத்தாறாவதாக வந்தவள் இசக்கியம்மாள். வயது இருபத்தொன்று, ஒல்லியான உடம்பு, எதிரே யார் இருந்தாலும் நேராகப் பார்க்கும் கண்.

"திட்டத்தின் பெயர்?" என்றது இயந்திரம்.

"எழுத்தோவியம், ஐயா. எந்த எழுத்தைக் குடுத்தாலும் அரூப ஓவியமா மாத்தித் தரும்."

"இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி எதற்கு?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வழிகாட்டிப் பேராசிரியர் வேதமாணிக்கம் அடுத்த பெயரைக் கூப்பிடப் பட்டியலைப் புரட்டிவிட்டார். இசக்கியோ பதில் சொன்னாள்.

"ஒரு சொல் மொத தடவ வரும்போது அதுக்குப் புது நிறம் குடுக்கணும். திரும்பத் திரும்ப வந்தா நிறம் மங்கிக்கிட்டே போகணும். அதுக்குத்தான் அந்த வரி."

பச்சை விளக்குகள் நான்கு வினாடி அசையாமல் நின்றன. அடுத்து, கல்லூரி வரலாற்றிலேயே முதல்முறையாக, இயந்திரம் இரண்டாவது கேள்வி கேட்டது. அதற்கும் பதில் வந்தது. வல்லின எழுத்துகள் கோணங்களாகும், மெல்லினம் வளைவாகும், இடையினம் மெல்லிய கோடாகும், நெடில் வந்தால் கோடு நீளும், மெய்யின் புள்ளி புள்ளியாகவே விழும் என்று அவள் விரலை ஆட்டி ஆட்டி விளக்கினாள். பதினேழு கேள்வி, பதினேழுக்கும் பதில். விளக்குகள் சிவப்பாயின.

"இந்த நிரலை நீங்களே எழுதினீர்களா?"

"ஆமா."

அறையில் யாரோ 'ஐயையோ' என்றார்கள். வேதமாணிக்கம் கையிலிருந்த பட்டியல் நழுவிக் கீழே விழுந்தது. இயந்திரம் உரத்த குரலில் அறிவித்தது: "தன் கையால் எழுதிய முறைகேடு. மூன்றாம் நாள் விசாரணை. குற்றம் உறுதியானால் திட்டம் ரத்து. ஒரு செவ்வாய் ஆண்டுத் தூசிப்பணி."

செவ்வாய் ஆண்டு என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டு வருடம். தூசிப்பணி என்றால் குமிழுக்கு வெளியே, கனத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, சூரியத்தகடுகளைத் துணியால் துடைப்பது. அந்தத் தூசி இயந்திரங்களின் மூட்டில் புகுந்து அவற்றைக் கெடுத்துவிடும் என்பதால் மனிதர்களை அனுப்புகிறார்கள். மனிதர்களின் மூட்டைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. அது எப்படிப்பட்ட வேலை என்று இசக்கிக்கு நன்றாகத் தெரியும். அவள் அம்மா செல்லக்கனி இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

வராந்தாவில் வேதமாணிக்கம் அவளைப் பிடித்துக்கொண்டார். அவர் கெட்டவரில்லை. அவளுடைய திட்டத்தைத் திறந்தே பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர், அவ்வளவுதான்.

"ஏம்மா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நீ காலேஜ்ல குடுத்த உடனேயே கடை உன் நிரலை நகல் எடுத்து வச்சிட்டு. படம் அழகா வருதுன்னு இன்னும் தேர்வுக்கு வராத நாப்பது பேரு அதைத்தான் எடுத்துருக்கானுங்க. நீயும் கடையில எடுத்தேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிரு. தொண்ணூத்திரெண்டு விழுந்துரும்."

"என் ப்ராஜெக்ட்ட நானே கடையில எடுத்தேன்னு சொல்லணுமா சார்?"

"சொன்னா என்ன? வாய் வலிச்சிருமா?"

"வலிக்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பின்னால் வந்த வகுப்புத் தோழன் ஜெபசிங் சிரித்தான். தாடையில் கைக்குட்டை கட்டியிருந்தான், பல்வலி. அவளுடைய நிரலை எடுத்த நாற்பது பேரில் அவனும் ஒருவன். "இசக்கி, சோலி முடிஞ்சு. தொடப்பத்த எடுத்துக்கிட்டுக் கெளம்பு" என்றான். அவனை அடிக்கலாமா என்று அவளுக்கு வந்தது. அடிக்கவில்லை.

வீட்டில் செல்லக்கனி காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். செய்தி அவளுக்கு முன்னமே வந்து சேர்ந்துவிட்டது.

"ஏட்டி, நான் படுத பாடு போதாதா? நீயும் வெளிய வந்து துணியப் பிடிக்கணுமா? ஊரோட ஒத்துப் போயேன்."

இசக்கி சுவர்த்திரையில் ஒரு படத்தைப் போட்டாள். திரை முழுக்க மங்கிய காவிக் கோடுகள். ஒரே கோணம், ஒரே வளைவு, மறுபடி அதே கோணம். எங்கே பார்த்தாலும் காவி.

"இது உன் வேலைக் குறிப்பேடும்மா. தெனமும் ஒரு வரி எழுதுவேல்லா, 'மூன்றாம் வரிசை துடைத்தாயிற்று, தூசி அதிகம்'னு. இருபத்திரெண்டு வருசத்தையும் இதுக்குள்ள போட்டேன். இதுக்காகத்தான் இந்த நிரலையே எழுதினேன்."

செல்லக்கனி எழுந்து, நொண்டி நொண்டி, திரைக்குப் பக்கத்தில் போனாள். தன் ஆயுளில் பாதியைச் சுவரில் பார்ப்பது என்ன மாதிரி இருந்திருக்கும் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். மேல்மூலையில் காவிக்கு நடுவே நீலமும் மஞ்சளுமாக ஒரு சின்னச் சுழி இருந்தது.

"இது என்னது, இங்க மட்டும் நீலமா கெடக்கு?"

"அன்னைக்கு நீ வேலைக்குப் போகல. 'மகள் பிறந்திருக்கிறாள், மூன்றரைக் கிலோ, முடி நிறைய'ன்னு எழுதியிருக்க. அதுக்கு முன்னால அந்த வார்த்தைய எல்லாம் நீ எழுதினதே இல்ல. அதான் புது நிறம்."

செல்லக்கனி அந்தச் சுழியைக் கட்டைவிரலால் தடவினாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் குரல் மாறியிருந்தது.

"இத எவனோ கடையில செஞ்சு வச்சான்னா சொல்லச் சொல்லுதானுவ?"

"ஆமா."

"சொல்லாத. ஆனா வெறும் வயித்தோட சண்டைக்குப் போகாத, சாப்ட்டுட்டுப் போ."

முதல் சொல்லை மகள் கேட்டாள். இரண்டாவதைக் கேட்கவில்லை. கோபம் வந்தால் இசக்கிக்குச் சோறு இறங்காது. மூன்றாம் நாள் காலை அவள் விசாரணைக்குப் போனபோது வயிற்றில் அரைக் குவளை தேநீர்தான் இருந்தது.

விசாரணையும் தேர்வின் ஒரு பகுதி என்பதால் இயந்திரத்தின் முன்னால் பிரியாணி வைத்திருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து ஆவி பறந்தது. மாணவர்கள் நாற்பது பேரும் தங்கள் முறைக்காகப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் வேதமாணிக்கம். கடைசி வரிசையில், வேலை உடுப்போடு, செல்லக்கனி.

"தொடங்குறதுக்கு முன்னால நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள் இசக்கி. "நானே எழுதினா குற்றம்னு யாரு சொன்னது? எந்தப் புத்தகத்துல இருக்கு?"

அறுபது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி என்றாலும் இயந்திரத்திடம் அதற்குத் தயக்கமில்லாத பதில் இருந்தது.

"பூமியின் ஏடுகளில் இருக்கிறது. குடியேற்றக் கப்பலில் உங்கள் முன்னோரின் கல்லூரி ஒன்றின் ஆவணங்கள் வந்தன. பதினோராயிரம் திட்ட அறிக்கைகள், தேர்வறைக் குறிப்புகள், மாணவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகள். ஒரு கல்லூரியை எப்படி நடத்த வேண்டும் என்று அவற்றைப் படித்தே கற்றேன். திட்டம் செய்யப்படுவது அல்ல, எடுக்கப்படுவது என்று அறிந்தேன். தானே எழுதிய சிலர் இருந்தார்கள். அவர்களிடம் கூடுதலாகக் கேள்வி கேட்கப்பட்டது, மதிப்பெண் குறைக்கப்பட்டது. ஆகவே அது குற்றம் என்று தெளிந்தேன்."

"ரெண்டாம் பக்கத்துல 'இது இந்த மாணவரின் சொந்த உழைப்பு எனச் சான்றளிக்கிறேன்'னு போட்டுருக்குமே, அதப் படிக்கலையா?"

"படித்தேன். பதினோராயிரத்திலும் அதே வாக்கியம் இருந்தது. உண்மைக்கும் அதற்கும் எங்கும் தொடர்பு காணப்படவில்லை. அது கல்யாணப் பத்திரிகையின் தலையில் போடுவதுபோல ஒரு மங்கல வாக்கியம் என்று எடுத்துக்கொண்டேன்."

இதைக் கேட்டுத் தலைகுனிய வேண்டியவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. அவர்கள் எல்லோரும் வேறொரு கோளில், வேறொரு காலத்தில், சௌக்கியமாக இருக்கிறார்கள்.

இசக்கி விடவில்லை. "அந்தப் பதினோராயிரத்தையும் என் நிரல்ல போடுங்க" என்றாள். திரையில் ஓவியங்கள் வரத் தொடங்கின. முதல் படம். இரண்டாவது. நூறாவது. ஆயிரமாவது. அதே கோணம், அதே வளைவு, அதே ஊதா. இடது மூலையில், பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு பொட்டு மாறியது. கடைசியாக அவளுடைய அறிக்கையைப் போட்டாள். அது எதைப்போலவும் இல்லை.

"பாத்தீங்களா?" என்றாள், மூச்சு வாங்க. "எல்லாம் ஒரே படம். பேரு மட்டும் வேற. இது திருட்டுதானே?"

"நன்றி" என்றது இயந்திரம். "என்னிடம் சொற்களாக மட்டும் இருந்த ஆதாரத்தை நீங்கள் கண்ணால் பார்க்கும்படி செய்திருக்கிறீர்கள். பதினோராயிரம் பேர் ஒன்றுபோலச் செய்தால் அதற்குப் பெயர் திருட்டு அல்ல, நடைமுறை. மாறுபட்டிருப்பது உங்கள் படம் ஒன்றுதான்."

பின்னால் ஜெபசிங் கைதட்டினான். வேதமாணிக்கம் குனிந்து, "இப்பவாவது சொல்லிரும்மா" என்று கெஞ்சினார். இசக்கிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அது அழுகையா பசியா என்று அவளுக்கே விளங்கவில்லை. எதிரே ஆவி பறந்துகொண்டிருந்தது.

"அப்ப இது?" என்று தட்டைக் காட்டினாள். "வாயில்லாத உங்களுக்கு எதுக்கு இது?"

"அதுவும் ஏடுகளில் உள்ளதே. வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார். பிரியாணி சாப்பிடுவார். பிறகு எல்லோருக்கும் மதிப்பெண் போடுவார். மற்ற விதிகளுக்கு அங்கொன்று இங்கொன்றாக விலக்கு உண்டு. இதற்கு மட்டும் ஒரு விலக்குகூட இல்லை. பிரியாணி சாப்பிட்டவர் எவரோ அவரே வெளித்தேர்வாளர். எனக்கு அந்த வசதி இல்லாததால், இருபது நிமிடம் பார்ப்பதைச் சாப்பிட்டதாக வைத்துக்கொள்கிறேன். மனிதர் எவரும் கிடைக்காதவரை செய்துகொண்ட தற்காலிக ஏற்பாடு."

இசக்கி தட்டைப் பார்த்தாள். இயந்திரத்தைப் பார்த்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, தட்டைத் தன் பக்கம் நகர்த்தி, கையைக்கூடக் கழுவாமல் பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள்.

கறித்துண்டை எடுத்து நன்றாக மென்றாள். முட்டையைப் பிட்டுத் தின்றாள். பச்சடியை வழித்தாள். கடைசி வரிசையிலிருந்து செல்லக்கனியின் குரல் மட்டும் கேட்டது: "மெதுவா தின்னுட்டி, விக்கிரப் போகுது."

வாழைப்பழமும் முடிந்ததும் இயந்திரம் எழுந்து நின்றது. விளக்குகள் பச்சைக்கு மாறியிருந்தன.

"வணக்கம், ஐயா. புதுப்பாளைக்கு வந்த முதல் வெளித்தேர்வாளர் தாங்கள்தான். நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். ஏடுகளின்படி, சாப்பிட்டபின் எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது வழக்கம்."

"அந்த வழக்கம் இன்னையோட சரி" என்று விரலைச் சூப்பினாள் இசக்கி. "மொதல்ல ஒரு விசயம். எனக்கு நானே மார்க் போட மாட்டேன். வேதமாணிக்கம் சார் என் அறிக்கையத் தொறந்து, முழுசா படிச்சு, அவரு போடட்டும்."

வேதமாணிக்கத்துக்கு வியர்த்துவிட்டது. படித்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பாதியில் ஒருமுறை, "அட!" என்று தன்னை மறந்து சொன்னார். எண்பத்தொன்று போட்டார், விளக்கவுரை போதாது என்று பத்தொன்பதைக் குறைத்தார். கடையில் எடுத்தவர்களுக்கு விழுவதைவிடப் பதினொன்று குறைவு. தன் மதிப்பெண்ணுக்கு ஒருவர் காரணம் சொல்லிக் கேட்டது இசக்கிக்கு அதுவே முதல்முறை. சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எல்லோரிடமும் ஒரே கேள்வி: "இருநூத்திப் பன்னிரண்டாம் வரி எதுக்கு?"

மூன்று நாளுக்கு முன்னால் அவளே இந்த அறையில் பதில் சொல்லியிருந்தாள். அதைக்கூட ஒருவரும் காதில் வாங்கியிருக்கவில்லை. நாற்பது பேரும் பழக்கத்தில் நம்பிக்கையோடு, "தெரியாது" என்றார்கள். நாற்பது பேருக்கும் ஒரே தீர்ப்பு: "தூசிப்பணி ஒண்ணும் கெடையாது. போயி நீங்களா ஒண்ணு எழுதிட்டு வாங்க. தப்பாயிருந்தாலும் பரவால்ல."

குமிழ்நகரமே கொதித்தது. தானே எழுதுவதா! பெற்றோர்கள் கூடிப் பேசினார்கள். பிள்ளைகளின் எதிர்காலம் என்று ஒருவர் மேசையைக் குத்தினார். மறுநாள் மாலைக்குள் நாற்பது மனுக்கள் கல்லூரிக்கு வந்துவிட்டன. எல்லாம் வெளித்தேர்வாளரை நீக்கக் கோரியவை.

"தங்கள் முடிவு என்ன, ஐயா?" என்றது இயந்திரம்.

இசக்கி மனுக்களைத் தன் நிரலில் போட்டாள். முதல் படம் வந்தது. இரண்டாவது. பத்தாவது. இருபதாவது. அதே வளைவு, அதே சாம்பல், மூலையில் பெயர்ப்பொட்டு மட்டும் வேறு. மனுவையும் கடையில்தான் எடுத்திருந்தார்கள்.

நாற்பதாவது படம் வந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முழுக்கக் கோணம் கோணமாக, முள்வேலிபோல இருந்தது. கோட்டுக்குக் கோடு புதுநிறம். மனுவைப் பிரித்துப் படித்தாள். எழுத்துப்பிழை வண்டி வண்டியாக இருந்தது. 'நீ என்ன பெரிய இவளா? என் பேரு ஜெபசிங். எனக்குக் கடவாய்ப் பல்லு வலி, மூணு நாளா தூக்கமில்ல, அந்த நேரத்துல வந்து இருநூத்திப் பன்னிரண்டாம் வரி எதுக்குன்னு கேக்கே. அடுத்தவன் சோத்த எடுத்துத் தின்ன உனக்கு என்ன யோக்கியதை இருக்கு?' என்று இரண்டு பக்கத்துக்குத் திட்டியிருந்தான்.

அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள். வீங்கிய கன்னத்தோடு வந்து நின்றான்.

"இத யாரு எழுதினது?"

"நான்தான். என்னங்கே இப்போ?"

"ஒண்ணுமில்ல" என்று அவன் பெயருக்கு நேரே எண்பத்தொன்று போட்டாள். ஜெபசிங்குக்கு ஒன்றும் புரியவில்லை. இயந்திரத்துக்கும் புரியவில்லை.

"இதற்கு ஏடுகளில் முன்மாதிரி இல்லையே, ஐயா."

"இப்ப வந்துட்டுல்லா. எழுதி வச்சுக்கோங்க."

இயந்திரம் எழுதி வைத்துக்கொண்டது. அன்று அம்மாவும் மகளும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். ஒருவன் தேறினான், மற்றவர்களும் மெல்ல வந்துவிடுவார்கள் என்றாள் இசக்கி.

மற்றவர்கள் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்கள். முப்பத்தொன்பது பேரும் புதிய மனுக்களோடு கல்லூரி வாசலில் நின்றார்கள். முகமெல்லாம் நம்பிக்கை. இசக்கி ஒவ்வொன்றாகத் திரையில் போட்டாள். முழுக்கக் கோணம் கோணமாக, முள்வேலிபோல இருந்தன. முப்பத்தொன்பது வேலிகள், ஒரே வேலி. முதல் மனுவை எடுத்துப் பிரித்தாள். தூய வெள்ளைத்தாளில், முத்து முத்தான அச்சில், எழுத்துப்பிழைகூட மாறாமல் இருந்தது: 'என் பேரு ஜெபசிங். எனக்குக் கடவாய்ப் பல்லு வலி.'